வலியை வழிமறித்தல்

"திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. வலியோ பொறுக்க முடியாதது. வாய்விட்டு அலறவோ வழியில்லை. அந்த இரண்டுங்கெட்ட நிலையைச் சொல்வது அப்பழமொழி. திருடன் வாய் திறவாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் ஒரு குற்றமும் செய்யாத நல்லவர்கள், மருத்துவமனைக் கட்டிலில் அந்தத் திருடனைப் போலவே வாய்மூடிக் கிடப்பதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். மார்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் வலியைப் பற்றியும், அந்த வலியை இன்றைய மருத்துவம் எவ்வாறு வழிமறிக்கிறது என்பதைப் பற்றியும் மாணவர்களாகிய உங்களோடு சற்று நேரம் பேச விரும்புகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது விளாத்திகுளத்தை அடுத்த நாகலாபுரம். கரிசல் பூமி. கோடை வந்தால் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புகளிலும், வீட்டுக்குப் பின்புறம் விறகுக்காக அடுக்கி வைத்த பருத்திமார்க் கட்டுகளிலும் தேள்கள் குடியிருக்கும். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாளில், ஒருநாள் அந்தி வேளையில், அடுப்பு மூட்டப் பருத்திமார் உருவப் போன என் தாயாரைத் தேள் கொட்டிவிட்டது. கொட்டியது சுட்டுவிரலில். வலி முழங்கைக்கு ஏறியது, தோளுக்கு ஏறியது. அண்டை வீட்டார் வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தார்கள். மந்திரிப்பவரை அழைத்துவர ஒருவர் ஓடினார். ஒன்றும் பயன்படவில்லை. கடைசியில் பேருந்து ஏறி விளாத்திகுளம் அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கிருந்த மருத்துவர் தேள் கொட்டிய இடத்தைத் தொடவே இல்லை. விரலின் அடிப்பாகத்தில், இரு பக்கமும், மெல்லிய ஊசியால் சிறிதளவு மருந்தைச் செலுத்தினார். சில நிமிடங்கள் கழிந்தன. என் தாயார் அழுகையை நிறுத்தினார். கையைத் தூக்கிப் பார்த்து, "என் விரல் எங்கே போச்சுய்யா?" என்று கேட்டார்.

"விஷம் இறங்கிவிட்டதா, ஐயா?" என்றார் என் தந்தையார்.

"விஷம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. வலி என்னும் சேதி போகிற பாதையைத்தான் அடைத்திருக்கிறேன். விஷம் இதயத்தைத் தாக்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரவு இங்கேயே இருக்கட்டும்" என்றார் மருத்துவர்.

அந்த மறுமொழியில் என் பிற்காலத் தொழில் முழுவதும் அடங்கியிருந்தது என்பதை அன்று நான் அறியவில்லை. புண் வேறு, வலி வேறு. புண் விரலில் இருக்கிறது. வலியை உணர்வதோ மூளை. இரண்டுக்கும் இடையே ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதைக்கு நரம்பு என்று பெயர். பாதையை நடுவில் அடைத்துவிட்டால், புண் இருந்தும் வலி இல்லை.

நரம்பில் சேதி எப்படிப் போகிறது? நரம்பிழையின் மெல்லிய சுவரில் எண்ணற்ற நுண்ணிய வாயில்கள் உள்ளன. விரலில் அடிபட்டதும், அங்குள்ள வாயில்கள் திறந்து, வெளியே உள்ள சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அதனால் உண்டாகும் மின்மாற்றம் அடுத்த வாயிலைத் திறக்கிறது. அது அதற்கடுத்ததைத் திறக்கிறது. இவ்வாறே சேதி மூளை வரையில் ஓடுகிறது. மரத்துப்போகச் செய்யும் மருந்து இந்த வாயில்களுக்குள் புகுந்து அடைத்துக்கொள்கிறது. சோடியம் உள்ளே வர வழியில்லை. சேதி அங்கேயே நின்றுவிடுகிறது. மருந்து இரத்தத்தில் கரைந்து நீங்கியதும் வாயில்கள் பழையபடி திறக்கின்றன.

கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வயலுக்குத் தண்ணீர் போகாமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. கண்மாயையே வற்றச் செய்யலாம். அல்லது அந்த வயலுக்குப் போகும் மடையை மட்டும் அடைக்கலாம். முழு மயக்கம் கொடுப்பது முதல் வழி. மூளையையே உறங்கச் செய்கிறோம். நரம்பை மட்டும் மரக்கச் செய்வது இரண்டாவது வழி. நோயாளி விழித்திருப்பார், பேசுவார், உண்பார். வலி மட்டும் வந்து சேராது.

இந்த இரண்டாவது வழியைக் கண்டவர்களின் கதை சுவையானது. 1884-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், கோக்கேன் கரைசலின் சில துளிகள் கண்ணை மரக்கச் செய்வதைக் கண்டறிந்தார். ஹைடல்பர்க் நகரில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டுக்குப் போகப் பயணச் செலவுக்குப் பணமில்லாமையால், அவருடைய கட்டுரையை நண்பர் ஒருவர் எடுத்துப்போய்ப் படித்தார். அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர், அதே மருந்தை நரம்பின் பக்கத்தில் செலுத்தினால் அந்த நரம்பு ஆளும் பகுதி முழுவதும் மரத்துப்போவதைக் காட்டினார். தம்மீதே சோதனை செய்துகொண்ட அவர், கோக்கேனுக்கு அடிமையாகிப் பெருந்துன்பம் அடைந்தார். அந்தத் தீமை இல்லாத மருந்துகளைத் தேடும் முயற்சி பின்னர் நடந்தது. 1943-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் நில்ஸ் லோஃப்கிரேன் என்பவர் லிடோகேயினை உருவாக்கினார். அவருடைய இளந்தோழர் பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். நம் நாட்டில் லிக்னோகேயின் என்று வழங்குவது இந்த மருந்தே. பல் பிடுங்கும்போது ஈறில் போடுவதும் பெரும்பாலும் இதுவே.

இனி மார்புக்கு வருவோம்.

காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில், நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க, மார்பின் ஒரு பக்கத்து விலா எலும்புகளையே வெட்டி எடுத்து மார்பைச் சரியச் செய்வார்கள். பழுதுபட்ட நுரையீரல் முழு மயக்கத்தைத் தாங்காது என்று அஞ்சி, நோயாளி விழித்திருக்கையிலேயே, விலா நரம்புகளை ஊசியால் மரக்கச் செய்து இந்தக் கடுஞ்சிகிச்சையைச் செய்வதும் உண்டு. முதுகெலும்பின் பக்கவாட்டில், நரம்பு வெளிப்படும் இடத்திலேயே ஊசி போடும் முறையை 1905-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹூகோ செல்ஹைம் தொடங்கி வைத்திருந்தார். ஆகவே இன்று நான் சொல்லப்போகும் ஊசிகள் நேற்று முளைத்தவை அல்ல.

பிறகு மார்பைத் திறந்து நுரையீரலிலேயே அறுவை செய்யும் கலை வளர்ந்தது. 1940-களின் இறுதியில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த ரீவ் பெட்ஸ், நம் நாட்டில் அத்துறைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர். ஆனால் மார்பைத் திறப்பது எளிதன்று. ஒரு சாண் நீளம் வெட்டி, இரும்புக் கருவியால் விலா எலும்புகளை அகட்டி வைக்க வேண்டும். 1990-களில் சிறு காமிராவின் துணையால் வேறு வழி பிறந்தது. இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்குச் சில துளைகள். ஒன்றில் காமிரா, மற்றவற்றில் மெல்லிய கருவிகள். மருத்துவர் திரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே வேலை செய்கிறார். விலாவை அகட்ட வேண்டியதில்லை. நோயாளி விரைவில் வீடு திரும்புகிறார்.

துளை சிறிதாயிற்று, ஆகவே வலியும் சிறிதாயிற்று என்று எண்ணத் தோன்றும் அன்றோ? நானும் அவ்வாறே எண்ணினேன். அந்த எண்ணத்தின் விலையை ஒரு முதியவர் கொடுத்தார்.

அவர் எங்கள் பக்கத்துக்காரர். எங்கள் பக்கத்தில் உழவரைச் சம்சாரி என்பது வழக்கு. மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு. மழையில்லாத மாதங்களில் சீமைக்கருவேல மரம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பார். பீடிப் பழக்கமும் நெடுநாள் இருந்தது. அவருடைய நுரையீரலில் காற்றுக் கொப்புளம் ஒன்று வெடித்து, காற்று வெளியே கசிந்து, நுரையீரலை அமுக்கிவிட்டது. நான் அப்போது பணிபுரிந்த மருத்துவமனையில், துளைவழியாகவே அந்தக் கொப்புளத்தை அகற்றினார்கள். சிகிச்சை செவ்வையாக முடிந்தது. துளைகள் சிறியவைதாமே, மாத்திரைகளும் வழக்கமான ஊசியும் போதும் என்று நான் முடிவு செய்தேன்.

மறுநாள் காலை அவர் கட்டிலருகே நின்று, "ஐயா, வலி இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை, எய்யா" என்றார்.

குறிப்பேட்டில் 'வலி இல்லை' என்று எழுதினேன். அதற்கு அடுத்த நாளும் அதே கேள்வி, அதே மறுமொழி, அதே குறிப்பு. மூன்றாம் நாள் அவருக்கு மூச்சுத் திணறியது. காய்ச்சல் கண்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், நுரையீரலின் கீழ்ப்பாகம் சளி அடைத்துச் சுருங்கிக் கிடந்தது.

நான் திகைத்து நின்றபோது, அந்த வார்டின் மூத்த செவிலியர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "டாக்டர், அவர் அசையாமல் படுத்திருக்கும்போது நீங்கள் கேட்டீர்கள். இருமச் சொல்லிவிட்டுக் கேட்டீர்களா?"

நான் அவரை இருமச் சொன்னேன். முதியவர் முயன்றார். பாதி மூச்சு எடுப்பதற்குள் முகம் சுருங்கியது. கை விலாவைப் பற்றிக்கொண்டது. இருமல் தொண்டையிலேயே செத்தது. இரண்டு நாள் நான் எழுதிய குறிப்பு பொய்க் குறிப்பு என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது? கால் முறிந்தால் காலை அசையாமல் வைக்கலாம். மார்பை அப்படி வைக்க முடியாது. நாம் ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 முறை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு மூச்சிலும் விலா எலும்புகள் உயர்ந்து தாழ்கின்றன. ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் சிரை, தமனி, நரம்பு மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடுகின்றன. நரம்பு மிகவும் கீழே, காப்புக் குறைந்த இடத்தில் இருக்கிறது. துளைவழியே செல்லும் கருவிகள் இப்படியும் அப்படியும் சாயும்போது அந்த நரம்பு எலும்போடு அழுந்தி நசுங்குகிறது. சிகிச்சைக்குப்பின் காற்றையும் நீரையும் வடிப்பதற்காக வைக்கும் குழாயோ, மூச்சுக்கு மூச்சு மார்பின் உட்சவ்வில் உராய்கிறது. வெளியே தெரிவது ஓர் அங்குலத் தழும்பு. உள்ளே நடப்பது இது.

டென்மார்க்கில் சுமார் 200 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சி 2016-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முதல் 24 மணி நேரத்தில், மார்பைத் திறந்து சிகிச்சை செய்தவர்களில் 100-க்கு 63 பேருக்குக் கணிசமான வலி இருந்தது. துளைவழிச் சிகிச்சையில் 100-க்கு 38 பேருக்கு. பெரிய முன்னேற்றந்தான். ஆனால் அந்த 38 பேர் யார்? அவர்களுள் ஒருவரைத்தான் நான் 'வலி இல்லை' என்று எழுதினேன்.

வலிக்கு அஞ்சுகிறவர் ஆழ்ந்து மூச்சு எடுப்பதில்லை. ஆழ்ந்த மூச்சு இல்லாவிட்டால் இருமல் இல்லை. இருமல் இல்லாவிட்டால் சளி வெளியேறுவதில்லை. தேங்கிய சளியில் கிருமி வளர்கிறது, நிமோனியா பிறக்கிறது. ஆகவே மார்பு வலி வெறும் துன்பம் மட்டும் அன்று. அது ஆபத்தின் தொடக்கம். மார்ஃபீன் போன்ற மருந்துகளை மிகுதியாகக் கொடுத்து வலியை அடக்கலாமே என்பீர்கள். அவை கண்மாயையே வற்றச் செய்வது போன்றவை. வலி குறையும், அதனுடன் விழிப்பும் குறையும், மூச்சும் தளரும். நாம் விரும்புவதோ, விழித்திருந்து, எழுந்து உட்கார்ந்து, நன்றாக இருமும் நோயாளியை. அதற்கு மடையை அடைப்பதே தக்க வழி.

அன்று பிற்பகல் முதியவரைக் கட்டிலில் உட்காரவைத்து, முதுகெலும்பின் பக்கவாட்டில் நரம்புகள் வெளிவரும் ஆப்பு வடிவமான சிற்றிடத்தில், அல்ட்ராசவுண்ட் கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டே மருந்தைச் செலுத்தினேன். செல்ஹைம் தொடங்கிய அந்த முறை இடையில் பலராலும் மறக்கப்பட்டு, 1979-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர்களால் மீண்டும் உயிர் பெற்றது. முற்காலத்தில் ஊசி எங்கே போகிறது என்பதைக் கைப்பழக்கத்தால் ஊகிக்க வேண்டும். இன்று ஊசிமுனையும், நரம்பிருக்கும் இடமும், மூச்சோடு அசையும் நுரையீரலின் உறையும் திரையில் தெரிகின்றன. கால் மணி நேரம் சென்றது. "இப்போது இருமுங்கள், ஐயா" என்றேன். அவர் தயங்கினார்; பிறகு இருமினார். அடுத்து ஓங்கி இருமினார். அடைத்திருந்த சளி வெளிவரத் தொடங்கியது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இதை முதல்லேயே போட்டிருக்கலாமே, எய்யா" என்றார். குறையாகச் சொல்லவில்லை, வியப்பாகத்தான் சொன்னார். எனக்கு மறுமொழி அகப்படவில்லை. "வலிக்கிறது என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை?" என்று திருப்பிக் கேட்டேன்.

"வலிக்குதுன்னு சொன்னா வீட்டுக்கு அனுப்பமாட்டீகன்னு நினைச்சேன். ஐப்பசி பிறந்தாச்சு; மழை விழுந்துட்டுது. நிலம் விதைக்காமக் கிடக்கு."

மானாவாரிச் சம்சாரிக்கு விதைப்பின் ஈரம் சில நாள்தான் காத்திருக்கும். அந்த ஈரத்துக்காக அவர் வலியை விழுங்கினார். விழுங்கிய வலி அவரை இன்னும் பத்து நாள் கட்டிலில் கிடத்திவிட்டது. அவருடைய விதைப்பை அந்த ஆண்டு பங்காளிகள் செய்து கொடுத்தார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

இத்தகைய ஊசிகளில் இன்று பல வகைகள் உள்ளன. அறுவை மருத்துவரே, காமிராவில் பார்த்துக்கொண்டு, மார்பின் உட்புறத்திலிருந்து விலா நரம்புகளுக்கு மருந்து செலுத்தலாம். அக்குளுக்குக் கீழே, விலாவைப் பற்றியிருக்கும் ஒரு தசையின் மடிப்பில் செலுத்தும் முறையை ரஃபேல் பிளாங்கோவும் தோழர்களும் 2013-ஆம் ஆண்டில் விவரித்தார்கள். 2016-ஆம் ஆண்டில் கனடாவில் பணிபுரிந்த மௌரிசியோ ஃபொரெரோவும் அவருடைய தோழர்களும் மற்றொரு முறையைக் கூறினர். நம்மை நிமிர்ந்து நிற்கச் செய்யும் நெடிய முதுகுத் தசைக்கு அடியில், எலும்பின் நுனியில் ஊசி முட்டும் இடத்தில், மருந்தைப் பரவவிடுவது அது. ஊசிக்கு எலும்பே தடுப்பாக நிற்பதால், நுரையீரலைக் குத்திவிடும் அச்சம் குறைவு. அந்த மருந்து நரம்பை எவ்வழியே போய்ச் சேருகிறது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. உங்களில் மருத்துவம் பயிலப் போகிறவர்களுக்கு ஆராய்ச்சி மிச்சம் இருக்கிறது என்று மகிழுங்கள்.

இவற்றுள் எது சிறந்தது? அறுவைக்குப் பின் வரும் வலியைப் பற்றி ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பரிந்துரை கூறும் பிராஸ்பெக்ட் என்னும் வல்லுநர் குழு, துளைவழி மார்புச் சிகிச்சைக்கான தன் முடிவை 2022-ஆம் ஆண்டில் வெளியிட்டது. முதுகெலும்பின் பக்கவாட்டில் போடும் ஊசியும், முதுகுத் தசைக்கு அடியில் போடும் ஊசியும் முதல் வரிசையில் நிற்கின்றன; அக்குளுக்குக் கீழே போடுவது அடுத்த வரிசை. அவற்றோடு பாராசிட்டமால் போன்ற எளிய மருந்துகளையும் முறையாகக் கொடுத்து வர வேண்டும். ஒருமுறை செலுத்திய மருந்து சில மணி நேரமே நிற்கும். மேலும் வேண்டுமானால் மயிரிழை போன்ற குழாயை அங்கேயே வைத்து, இரண்டு மூன்று நாள் மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தலாம்.

ஆபத்தே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. இதயமும் சோடியம் வாயில்களைக் கொண்டே துடிக்கிறது என்பதை மறக்கலாகாது. மருந்து அளவு மீறினாலோ, தவறி இரத்தக் குழாய்க்குள் புகுந்தாலோ, வலிப்பு வரும், இதயமே தடுமாறும். ஆதலால் கணக்கு முக்கியம். புபிவக்கேயின் என்ற மருந்தை வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் கொடுக்கிறோம். 50 கிலோ எடையுள்ளவருக்கு 100 மில்லிகிராம். நூற்றுக்கு அரைப் பங்குக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கும். ஆகவே 20 மில்லிலிட்டர்தான் எல்லை. பள்ளிக்கூடத்தில் நீங்கள் போடும் விகிதக் கணக்குத்தான். இங்கே பிழைத்தால் மதிப்பெண் அன்று, உயிர் போகும். தவறு நேர்ந்தால் காப்பாற்றவும் ஒரு வழி உண்டு. இரத்தத்தில் கொழுப்புக் கரைசலைச் செலுத்தினால் அது மருந்தை ஈர்த்துக்கொள்ளும். 1998-ஆம் ஆண்டில் கை வைன்பெர்க் குழுவினர் எலிகளில் கண்ட இவ்வுண்மை, 2006 முதல் மனிதர்களையும் காத்து வருகிறது.

மாணவர்களே, உங்களில் எல்லாரும் மருத்துவர் ஆகப்போவதில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒருநாள் மருத்துவமனையில் துணையிருக்க நேரும். நம் பெரியவர்கள் பொறுமையைப் பெரும் பண்பாகக் கருதி வளர்ந்தவர்கள். அப்பண்பு போற்றத்தக்கதே, ஆனால் அறுவை செய்த மார்புக்கு அது உதவாது. சிகிச்சைக்கு முன்பே, "வலி தெரியாமல் இருமுவதற்கு என்ன ஏற்பாடு செய்யப் போகிறீர்கள்?" என்று மருத்துவரை வணக்கமாகக் கேளுங்கள். கேட்பது குற்றமன்று, உரிமை. சிகிச்சைக்குப்பின், "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நில்லாதீர்கள். தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிப் பாருங்கள். வாய் மறைப்பதை முகம் சொல்லிவிடும். அதைச் செவிலியரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இன்று ஒவ்வொரு காலையும் நான் வார்டைச் சுற்றி வரும்போது குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் போடுகிறேன். ஒன்று, படுத்திருக்கும்போது வலி. மற்றொன்று, இருமும்போது வலி. முதற்பத்தி வெறுமையாக இருந்தாலும், இரண்டாவது பத்தியை நிரப்பாமல் அடுத்த கட்டிலுக்குப் போவதில்லை. அந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவர்கள் ஒரு செவிலியரும், நாகலாபுரத்துப் பக்கத்துச் சம்சாரி ஒருவரும்.